பதினான்கு குச்சிகள்

புனேயில் பெரியம்மா குடியிருந்த வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று 2018 ஜனவரியில் தகவல் வந்தது. வாடகை வீடுதான். ஆனால் இருபத்தெட்டு வருஷம் இருந்த வீடு. "சாமான் ஏத்த ஒரு ஆள் வேணும், வர்றியா?" என்று பெரியப்பா கேட்டார், போனேன். பீரோ, தையல் மிஷின், ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த ஆட்டுக்கல் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு பெரியம்மா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், "இதை என்ன பண்றது?" என்றார்.

அத்தி மரம். வண்டியில் ஏற்ற முடியாத ஒரே சாமான்.

ஆற்றோரங்களில் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தியை நினைத்துக்கொள்ள வேண்டாம். காஞ்சிபுரத்து அத்திவரதரைச் செய்தது அந்த மரத்தில் என்பார்கள். இது சீமை அத்தி. கையை விரித்து வைத்தது போன்ற இலை, மணி வடிவத்தில் பழம். உலர்த்தி, தட்டையாக்கி, கயிற்றில் கோத்து மளிகைக் கடையில் மாலை மாலையாகத் தொங்கவிடுகிறார்களே, அந்தச் சாதி. புனேயிலிருந்து திவே காட் மலைப்பாதை ஏறினால் புரந்தர் வட்டம். சாஸ்வட் சுற்றுவட்டாரத்தில் இந்தத் தோட்டங்கள் நிறைய. புரந்தர் அத்திக்கு 2016இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அங்கே வருஷத்துக்கு இரண்டு போகம் எடுக்கிறார்கள். மழைக்காலத்தில் வருவது கட்டா பஹார், கோடையில் வருவது மீட்டா பஹார். புளிப்புப் போகம், இனிப்புப் போகம். பெரியப்பா அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு குச்சி கேட்டு வாங்கி, ஸ்கூட்டரில் காலுக்கடியில் வைத்துக் கொண்டுவந்து நட்டதுதான் இந்த மரம்.

"ரெண்டு குச்சி வெட்டிட்டுப் போ. வந்தா வரட்டும்" என்றார் பெரியம்மா. நான் பதினான்கு வெட்டினேன். மரம் பாதி இலையை உதிர்த்துவிட்டு, மீதியை மஞ்சளாக வைத்துக்கொண்டு சும்மா நின்றுகொண்டிருந்தது. குச்சி எடுக்க அதுதான் சரியான நேரம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது, குருட்டு அதிர்ஷ்டம். ஆக்சா பிளேடால் அறுக்க அறுக்கப் பால் கொட்டியது. நனைத்த மராத்திச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு ஈரோடு வந்து சேர்ந்தேன்.

முதல் எட்டை நட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவமானம் அது. பெரிய தொட்டி, செம்மண், மக்கிய சாணி உரம் தாராளமாக. காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. மொட்டை மாடியில் நல்ல வெயில். பன்னிரண்டாம் நாள் முதல் துளிர். பதினைந்தாம் நாளுக்குள் ஆறு குச்சிகளில் குட்டிக் குட்டிக் கைகளாக இலை விரிந்தது. படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெரியப்பா மூன்று கும்பிடு போட்டார். இருபத்தைந்தாம் நாள் எல்லா இலையும் ஒரே மதியத்தில் தொங்கிப்போயின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தபோது ஒன்றில்கூட வேர் இல்லை. அடிப்பாகம் கறுத்து, விரலால் அழுத்தினால் தோல் கழன்று வந்தது. நாற்றம் வேறு.

நடந்தது இதுதான். போன வருஷம் முழுக்க இலைகள் சமைத்த மாவுச்சத்து அந்தக் குச்சிக்குள் சேமிப்பாக இருக்கிறது. சூடும் ஈரமும் கிடைத்ததும் மொட்டு அதை எடுத்துத் தின்று இலை விட்டுவிடும். அந்த இலைக்கும் மண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. விரிந்த இலை வெயிலில் தண்ணீரை ஆவியாக விட ஆரம்பிக்கிறது, கீழே உறிஞ்சிக் கொடுக்க ஆளில்லை. வேர் இல்லாத குச்சியைச் சேற்றில் நிறுத்தினால் அடி மூச்சு முட்டி அழுகுகிறது. மேலே தாகத்தில் சாகிறது, கீழே தண்ணீரில் சாகிறது. அத்திக் குச்சி போட்டவர்களில் முதல் தடவை இலையைப் பார்த்து ஏமாறாதவர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைப் பக்கம் அம்மாயியைப் பார்க்கப் போயிருந்தேன். பெரியம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் அம்மா. அப்போது எண்பத்திரண்டு வயது. விவரம் முழுக்கக் கேட்டுவிட்டு, "நடுவுல புடுங்கிப் பாத்தியா?" என்றார்.

"ரெண்டு மூணு தடவை பாத்தனுங்க அம்மாயி."

"தெனமும் நோண்டுனா அது எங்க சாமி புடிக்கும்? தண்ணி வேற ரெண்டு நேரம். குச்சிக்கு வாயே இல்ல, யாருக்கு ஊத்துன?"

அவருக்குக் குச்சி என்றால் முருங்கையும் கிளுவையும்தான். எங்கள் பக்கம் கொரங்காட்டு (மேய்ச்சல் நில) வேலிகள் எல்லாம் கிளுவைக் குச்சி நட்டு உயிர் பிடித்து நிற்பவை. யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை. முருங்கைப் போத்தை வெட்டியதும் உடனே நட மாட்டார். நிழலில் நாலு நாள் சாய்த்து வைப்பார். வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளும், மண்ணில் இருக்கும் அழுகல் உள்ளே ஏறாது. நட்ட பிறகு மேல்முனையில் ஒரு உருண்டைச் சாணியை அப்பிவிடுவார். அந்த வழியாக ஈரம் போகாது, மழைத் தண்ணீர் இறங்காது. விவசாயப் புத்தகத்தில் நான் பிற்பாடு படித்த அத்தனையும் அந்தச் சாணி உருண்டையில் இருந்தது. மெழுகு தடவச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நல்லவேளை, மீதி ஆறு குச்சிகள் ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் கிடந்தன. கொத்தமல்லிக்கு இடமில்லை என்று வீட்டில் தினமும் பேச்சு. எடுத்துப் பிரித்தால் ஒன்றில் பச்சைப் பூஞ்சணம். ஐந்து நன்றாகவே இருந்தன. உறங்கும் குச்சியை ஈரத்துணியில் சுற்றிக் குளிரில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும்.

இப்போது புதுச் சிக்கல். இரண்டு முனையையும் நேராகவே அறுத்துத் தொலைத்திருந்தேன். எது மேல், எது கீழ்? இலை இல்லாத ஒரு அத்திக் குச்சியைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் உதிர்ந்த இலையின் தழும்பு சட்டைப் பொத்தான் அளவுக்கு இருக்கும். அதை ஒட்டிக் கூரான ஒரு மொட்டு. அதே இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரம் போட்டது போல ஒரு மெல்லிய கோடு ஓடும். இளம் மொட்டை மூடியிருந்த உறை கழன்று விழுந்த தடம் அது. ஆல், அரசு, அத்தி என்று அந்தக் குடும்பம் முழுக்கவே இந்த மோதிரம் உண்டு, அடுத்த தடவை ஆலங்கிளையைப் பார்க்கும்போது கவனியுங்கள். தழும்பு கீழேயும் மொட்டு மேலேயும் இருக்கிற மாதிரிப் பிடித்தால் குச்சி நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

இதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒன்றைத் தலைகீழாகச் செருகியிருந்தேன். அதை எடுக்காமல் வேடிக்கை பார்த்தேன். மண்ணுக்கடியிலிருந்து வெளிறிய ஒரு துளிர் வளைந்து வளைந்து மேலே வந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் சதை போல ஏதோ தடித்தது, பிறகு காய்ந்துபோனது. வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோன் நுனியிலிருந்து அடியை நோக்கித்தான் இறங்கும். குச்சியை எப்படித் திருப்பி வைத்தாலும் அதற்குத் தன் அடி எது என்று தெரியும். அன்றிலிருந்து கீழ்முனை நேர்வெட்டு, மேல்முனை சாய்வெட்டு. வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அப்புறம் ஆலோசனைகள். இளநீரில் ஊற வை, தேனில் முக்கு, கற்றாழைச் சோற்றில் செருகு. இளநீருக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதில் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் உண்டு, திசு வளர்ப்புக் கூடங்களில் இளநீர் சேர்ப்பது அதனால்தான். ஆனால் சைட்டோகைனின் துளிரைக் கிளப்பிவிடுகிற சரக்கு. என் குச்சிகளுக்குத் துளிரில் என்ன குறை? உரக்கடையில் கிடைக்கும் ஐபிஏ பொடி ஆக்சின் வகை, அது வேருக்கானது. நான் இரண்டு குச்சிக்குத் தொட்டு, இரண்டை வெறுமனே வைத்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அத்தி தானாகவே வேர் விடும் குணமுள்ளது, கெடுக்காமல் இருந்தால் போதும். இளநீரைக் குடித்துவிட்டேன்.

இரண்டாவது முறை செய்தது இவ்வளவுதான். ஜூஸ் கடையில் கொடுக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டம்ளர், அடியில் நாலு ஓட்டை. தேங்காய் நார்க்கழிவை மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்தேன், அதில் உப்பு இருக்கும். பாதிக்குப் பாதி சலித்த செங்கல் பொடி. பெர்லைட் (பொரித்த எரிமலைக்கல் துகள்) கிடைத்தால் அதுவும் நல்லது. கலவையைக் கையில் இறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கலாம், இரண்டாவது விழக்கூடாது. ஒரு சாண் நீளத்தில், பென்சிலுக்குக் குறையாத தடிமனில், நாலு கணுவாவது உள்ள குச்சி. கீழ்வெட்டு கணுவை ஒட்டி அடியில். பச்சையாக இருக்கும் நுனிக்கொம்பு வேண்டாம், அழுகும். பால் வடிய அரைமணி நேரம் தண்ணீரில் நிறுத்தி, பிறகு ஒரு நாள் நிழலில் (அம்மாயிக்காக). ஒரு கணு மட்டும் வெளியே தெரியச் செருகி, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடி, வெயில் படாத சமையலறை ஜன்னலோரம் வைத்தேன். தண்ணீர் ஊற்றவே இல்லை.

இதில் கஷ்டமானது சும்மா இருப்பதுதான். தலைகீழ் ஆசாமியை விட்டால் நாலு குச்சி. பத்து நாள் கழித்துத் தண்டில் உப்புக்கல் ஒட்டியது போல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. வேர் என்று குதித்தேன், இல்லை. பட்டையில் மூச்சு விடும் துளைகள் ஈரத்தில் ஊதிக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஒன்றில் இலை விரிந்தது. இந்தத் தடவை படம் எடுக்கவில்லை. இருபத்து மூன்றாம் நாள் காலை டீ போடும்போது டம்ளரின் உள்சுவரில் இடியாப்ப இழை ஒன்று ஒட்டியிருந்தது. வெள்ளை வெளேரென்று, முனை மட்டும் கொஞ்சம் கூராக. மறுநாள் அது ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. ஒரு வாரத்தில் நாலு டம்ளரிலும் இழைகள்.

அவசரப்பட்டு அன்றே ஒன்றைத் தொட்டிக்கு மாற்றினேன். புது வேர் கண்ணாடி மாதிரி, டம்ளரைத் தட்டிக் கவிழ்த்ததும் பொட்டென்று முறிந்துவிட்டது. மற்ற மூன்றும் வேர் பழுப்பேறிக் கிளை பிரியும்வரை காத்திருந்தன. ஒன்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு, ஒன்று என் மாடியில் டிரம்முக்கு, ஒன்று அம்மாயி வீட்டுக் கிணற்றடிக்கு. பதினான்கில் மூன்று. இப்போது பத்துக்கு எட்டு வருகிறது.

அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று ஒரு பழமொழி உண்டல்லவா? குச்சி கேட்டு வருகிறவர்கள் கட்டாயம் அதைச் சொல்லிக் கேட்பார்கள். அது நாட்டு அத்திக்குச் சொன்னது. அத்தியின் பூ காய்க்குள்ளேயே பூக்கிறது. நுனித் துளை வழியாக ஒரு குட்டிக் குளவி நுழைந்து, மகரந்தம் சேர்த்து, முட்டையும் இட்டுவிடும். புனே அத்திக்கு அந்தக் குளவியே தேவையில்லை, மகரந்தம் சேராமலேயே பழுக்கும். கடிக்கும்போது நறநறக்கிற விதைகள் உள்ளே வெறும் கூடு. நாட்டு அத்தி காக்காய் எச்சத்தில் விழுந்து கோயில் மதிலில்கூட முளைத்துவிடும். இந்த மரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. யாராவது ஒரு குச்சியை வெட்டி எடுத்துப் போனால்தான் உண்டு. பெரியப்பாவுக்குக் குச்சி தந்த மரமும் யாரோ நட்ட குச்சி, அதற்கு முன்னதும் குச்சி. கிணற்றடியில் நிற்பது அந்த மரத்தின் பிள்ளை என்று சொல்லக்கூட முடியாது, அதே மரம்தான்.

இது எவ்வளவு பின்னால் போகிறது என்று தேடியபோது கில்கால் கிடைத்தது. ஜோர்டான் பள்ளத்தாக்கில் ஜெரிகோவுக்குப் பக்கத்தில் உள்ள தொல்லியல் இடம். அங்கே கருகிய ஒன்பது அத்திப் பழங்களை எடுத்திருக்கிறார்கள், வயது சுமார் 11,400 ஆண்டுகள். உள்ளே பார்த்தால் கரு இல்லாத விதைகள். கிஸ்லெவ், ஹார்ட்மன், பார்-யோசெஃப் மூவரும் 2006இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள்: இது குச்சி நட்டு வளர்த்த மரமாக இருக்க வேண்டும், அப்படியானால் தானியங்களைப் பயிரிடுவதற்கு முன்பே மனிதன் அத்தி வளர்த்திருக்கிறான் என்று. எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. மகரந்தமில்லாமல் பழுக்கும் மரம் காட்டிலும் உண்டு, குளவி கிடைத்தால் அதுவே விதையும் வைக்கும் என்று மறுத்தார்கள். நியாயமான மறுப்புதான். ஆனாலும் நான் முதல் கட்சி. முறிந்த கிளை ஈரத்தில் கிடந்து துளிர்த்ததைப் பார்த்த ஒருத்தி இன்னொன்றை ஒடித்துக் குடிசைப் பக்கம் ஊன்றியிருக்க மாட்டாள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

குச்சியில் வராத ஒன்றும் உண்டு. 1880களில் கலிபோர்னியாக்காரர்கள் துருக்கியின் ஸ்மிர்னாவிலிருந்து, இன்றைய இஸ்மிர், ஆயிரக்கணக்கில் அத்திக் குச்சிகளை வரவழைத்தார்கள். மரம் நன்றாக வந்தது, காய் மட்டும் பிஞ்சிலேயே உதிர்ந்தது. துருக்கிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றே பலர் நினைத்தார்கள். அந்த ரகத்துக்குக் குளவி கட்டாயம், அது குச்சியோடு கப்பலேறி வரவில்லை. 1899இல் ஃப்ரெஸ்னோவில் ஜார்ஜ் ரோடிங்கின் தோட்டத்தில் குளவியைக் குடியேற்றிய பிறகுதான் பழம் நின்றது. நம் ஊரில் 'அசல் துருக்கி ரகம்' என்று யாராவது ஆயிரம் ரூபாய்க்குக் குச்சி விற்றால் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

நானும் ஏமாந்தவன்தான். இடையில் ஒரு நர்சரியில் 'இஸ்ரேல் அத்தி' என்று ஒட்டுச்செடி வாங்கினேன். வேரைத் தாக்கும் நூற்புழுவுக்குத் தாங்கும் என்று நாட்டு அத்தி அடியில் சீமை அத்தியை ஒட்டுவதுண்டு. அந்தக் கோடையில் மேல்பாகம் காய்ந்துபோய், அடியிலிருந்து ஜோராகத் துளிர்த்தது. இலை கைவிரல் மாதிரிப் பிளவுபடாமல் மொழுமொழுவென்று இருந்தது. இளம் இலை அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, குச்சி எடுத்து, வேர் பிடிக்கவைத்து, அலுவலகத்தில் மூன்று பேருக்குக் கொடுத்தேன். மூன்று பேர் வீட்டிலும் இன்று நாட்டு அத்தி. ஒருவர் மட்டும் நிழல் நன்றாக இருக்கிறது என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

இன்னொன்று, கவாத்து செய்யும்போது கையுறை போடுங்கள். ஒரு மதியம் வெறுங்கையோடு கிளை வெட்டிவிட்டு வெயிலில் நின்றேன். அத்திப் பால் தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் சுடும். அன்றிரவு எரிச்சல், மறுநாள் கொப்புளம், பிறகு முழங்கையில் யாரோ பிரம்பால் அடித்தது போலப் பழுப்புக் கோடுகள். மறைய இரண்டு மாதமானது.

கிணற்றடி மரம் இரண்டாம் வருஷம் காய்த்தது. ஐப்பசி மழையில் இலையெல்லாம் துரு நோய் வந்து கொட்டிவிட்டது, செத்தது என்று நினைத்தோம். தை முடிவில் புது இலையோடு கக்கத்துக்கு ஒன்றாகக் காய். முதல் சிலவற்றைச் சின்னான் குருவிகளே முடித்தன. பிறகு கொசுவலைத் துணியில் பை தைத்துக் கட்டினேன். அத்தியைக் காயாகப் பறித்து வைத்துப் பழுக்கவைக்க முடியாது, மரத்திலேயே கனிய வேண்டும். கனிந்ததும் காம்பு தளர்ந்து கழுத்து தொங்கும், நுனித் துளையில் ஒரு சொட்டுத் தேன் நிற்கும். அந்த முதல் பழத்தை அம்மாயி இரண்டாகப் பிட்டு, உள்ளே உற்றுப் பார்த்து, "புழு இல்லையே" என்று எனக்கே சந்தேகம் வருகிற குரலில் சொல்லிவிட்டுத் தின்றார். அடுத்த வருஷம் அவர் இல்லை. மரம் கிணற்றுச் சுவரைத் தாண்டிவிட்டது.

போன ஜனவரியில் பெரியம்மா மகன் ஊருக்கு வந்தபோது அதிலிருந்து நாலு குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, டம்ளர் முதல் நார்க்கழிவுவரை எல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். சாய்வெட்டுப் பக்கம் சிவப்பு நெயில் பாலிஷ். புனேயில் இப்போது அவர்கள் இருப்பது ஏழாவது மாடி, பால்கனியில் காலை வெயில் மட்டும் வரும்.

மூன்று வாரம் கழித்து வீடியோ கால். "இலை வந்துடுச்சு பாரு!" என்றார் பெரியம்மா. திரை முழுக்கப் பச்சை.

"இலையை விடுங்க பெரியம்மா, டம்ளரைக் காட்டுங்க."

ஃபோன் கொஞ்ச நேரம் கூரையையும் திரைச்சீலையையும் பெரியம்மாவின் கட்டைவிரலையும் காட்டியது. பிறகு டம்ளர். சுவர் முழுக்க நீர்த்துளி. முந்தானையால் துடைத்துவிட்டு அவரே குனிந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே" என்றார்.

"தண்ணி ஊத்துனீங்களா?"

"காலைல துளி. சாயங்காலம் துளி."

"பெரியம்மா, குச்சிக்கு..."

"தெரியும், தெரியும். எங்கம்மா சொன்னதத்தானே சொல்லப் போற" என்றார். பால்கனிக் கட்டையில் இருந்த சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போகிற சத்தம் கேட்டது.